எஃப் 6 தூக்கிச் சென்ற கோப்புறை

1986-இல் வந்த நார்ட்டன் கமாண்டர் என்ற கோப்பு மேலாளரில் எஃப் 5 நகலெடுக்கும், எஃப் 6 இடம் மாற்றும், எஃப் 8 அழிக்கும். நான் வேலை பழகியது அந்த விசைகளில்தான். அதனால் அலுவலகக் கணினியில் புதிய கோப்பு மேலாளரை நிறுவியதும், முதல் வேலையாக அதன் விசைகளை என் வழக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். நகர்த்தும் முன் ஒவ்வொரு முறையும் 'உறுதிதானா?' என்று கேட்ட பெட்டியையும் நிறுத்திவைத்தேன். அதை மட்டுமாவது விட்டுவைத்திருக்க வேண்டும்.

நான் விடுப்பில் இருந்த ஒரு நாள், உடன் பணிபுரியும் பெண் ஓர் ஆவணத்தைத் தேடி என் கணினியில் அமர்ந்திருக்கிறார். மவுஸைத் தொடாமலே வேலை செய்பவர் அவர். விண்டோஸில் எஃப் 6 அழுத்தினால் கோப்புறைப் பட்டியலிலிருந்து கோப்புகள் இருக்கும் பக்கத்துக்குத் தாவலாம். அந்தப் பழக்கத்தில் இங்கும் அழுத்திவிட்டார். பட்டியலில் அப்போது தேர்வாகி இருந்தது நடப்பு ஆண்டின் கணக்குக் கோப்புறை. அது அப்படியே, மறுபக்கம் திறந்திருந்த பழைய காப்பகத்துக்குள் போய்விட்டது.

திரையில் எச்சரிக்கை எதுவும் இல்லை. ஒரே வட்டுப் பகுதிக்குள் கோப்புறையை நகர்த்தினால் உள்ளே இருக்கும் தரவு அசைவதில்லை. அது எங்கே இருக்கிறது என்ற பதிவு மட்டும் மாறுகிறது. ஆயிரக்கணக்கான கோப்புகள் இருந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

மறுநாள் கோப்புறையைக் காணோம். குப்பைத் தொட்டியிலும் இல்லை. "சார், நான் எதையும் அழிக்கவில்லை. எஃப் 6 மட்டும்தான் அழுத்தினேன்" என்றார் அவர், குரல் தழுதழுக்க. அதுவரை நான் அவரைச் சந்தேகித்ததை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. பெயரைக் கொடுத்துத் தேடியதும் காப்பகத்துக்குள் முழுதாகக் கிடைத்தது.

பிறகு வெற்றுக் கோப்புறை ஒன்றை உருவாக்கிச் சோதித்துப் பார்த்தேன். 'நான் குறித்த கோப்பை நகர்த்து' என்றுதான் அந்த விசைக்குப் பொருள் கொண்டிருந்தேன். மென்பொருளோ, தேர்வுப் பட்டை எந்தப் பலகத்தில் நிற்கிறதோ அங்கே இருப்பதை நகர்த்தியது. கோப்பா, கோப்புறையா என்ற வேறுபாடே அதற்கு இல்லை. இத்தனை மாதங்கள் இது எனக்கு நேராமல் இருந்தது, நான் எப்போதும் மவுஸால் கோப்பைச் சொடுக்கிவிட்டே விசையைத் தொட்டதால்தான்.

உறுதி கேட்கும் பெட்டியை மீண்டும் இயக்கினேன். நகர்த்துவதற்குக் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டோடும் சேர்த்து எம் என்று வைத்தேன். எஃப் 6-ஐப் பலகம் மாறும் வேலைக்கே விட்டுவிட்டேன். மாற்றிய விசைகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். கோப்பை நகர்த்த நினைத்தால் விரல் இன்றும் எஃப் 6-க்குத்தான் போகிறது. தேர்வுப் பட்டை ஒரு பலகத்திலிருந்து மற்றதற்குத் தாவுவதைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொள்கிறேன்.