17-ஆம் பாய்

ஜனவரி 6, திங்கள்
காப்பகத்தில் இரவு 9.30 எண்ணிக்கை, பையன்கள் 24. பாய் 25. 17-ஆம் பாய்க்காரன் போய்விட்டான். பதினேழு காலி.

ஜனவரி 7, செவ்வாய்
மூன்று பையன்களுக்குச் சிரங்கு. விரலிடுக்கில் பொடிக் கொப்புளம், மணிக்கட்டில் சொறிந்த கோடு, ராத்திரியானால் அரிப்பு. மூன்று பேருக்குத் தெரிகிறது என்றால் எல்லாருக்கும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தோலில் ஒன்றும் தெரியாது, பக்கத்துப் பாய்க்குப் போய்க்கொண்டு மட்டும் இருக்கும்.

டாக்டர் எழுதியது பெர்மெத்ரின் 5 சதவீதக் கிரீம். பெரிய பையனுக்கு 30 கிராம் ட்யூப் முழுசாக ஒன்று, சின்னவனுக்குப் பாதி. பெரிய பையன்கள் 14, சின்னவர்கள் 10, வார்டன், சமையல் அக்கா, ராத்திரி அண்ணன்கள் இரண்டு பேர். ஒரு சுற்றுக்கு 23 ட்யூப், இரண்டு சுற்றுக்கு 46. கடையில் இருந்தது 11. பாதிப் பேருக்கு இன்று, மீதிக்கு நாளை என்று மட்டும் செய்யக்கூடாது. போன வருஷம் அப்படிச் செய்துதான் மூன்று மாதம் இழுத்தது. ட்யூப் மொத்தமும் கைக்கு வரும்வரை ஒருவருக்கும் பூசுவதில்லை.

ஜனவரி 8, புதன்
ட்யூப் சாயங்காலம் வந்தது. 6.30-க்கே சாப்பாட்டை முடித்து, குளித்து, துவட்டி, உடம்பு ஆறின பிறகு எட்டு மணிக்குப் பூச்சு. சூடான ஈர உடம்பில் பூசக்கூடாது. கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை: விரலிடுக்கு, நகக்கண், அக்குள், தொப்புள், இடுப்பு மடிப்பு. மறைவிடத்தில் பையன்களே பூசிக்கொள்ள வேண்டும். எவ்வளவு, எப்படி என்று நம் கையில் பூசிக் காட்டினால் போதும், பெரியவர் கை அங்கே போகக்கூடாது. அறையில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர், கதவு திறந்தே.

தப்பு நடப்பது குழாயடியில்தான். ராத்திரி எழுந்து கக்கூஸ் போய்க் கை கழுவினால், சிரங்குப் பூச்சி அதிகம் இருக்கிற இடத்திலேயே மருந்து போய்விடும். குழாய்ப் பக்கத்தில் ஒரு ட்யூப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாயிற்று. காலை ஆறு மணிக்குக் குளியல். பத்து மணி நேரம் ஆகிவிடும்.

போர்வையெல்லாம் வெந்நீரில். பாயைத் துவைக்க முடியாது. சுருட்டி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒரு வாரம் மாடியில். உடம்பை விட்டால் பூச்சிக்கு மூன்று நாள்கூடத் தாங்காது, ஒரு வாரம் என்பது நம் திருப்திக்கு. பதினேழையும் கட்டி வைத்தாயிற்று. திரும்பி வந்தால் சுத்தமான பாயில் படுக்கட்டும்.

ஜனவரி 9, வியாழன்
ராத்திரி பத்துக்கு மேல் சென்ட்ரலிலிருந்து ரயில்வே பாதுகாப்புப் படையினர் ஒரு பையனைக் கொண்டு வந்து விட்டார்கள். ஒன்பது வயசிருக்கும். தமிழ் தெரியாது.

முதலில் தண்ணீர். பிறகு சோறு, குளியல், மாற்றுத் துணி, விளக்குக்குப் பக்கத்தில் படுக்கை. முதல் ராத்திரிக் கேள்வி மூன்றுதான்: பெயர் என்ன, யாரோடு வந்தாய், எங்கேயாவது வலிக்கிறதா. மற்றதெல்லாம் விடிந்த பிறகு. பசியிலும் பயத்திலும் கேட்டால் கேட்பவர் விரும்புகிற பதிலைத்தான் குழந்தை சொல்லும். அந்தப் பதில் காகிதத்தில் ஏறிவிட்டால் அப்புறம் அழிக்க முடியாது.

அழுக்குச் சட்டையைத் தண்ணீரில் போடும் முன் பையைத் துழாவ வேண்டும். டிக்கெட், கயிறு, துண்டுச் சீட்டு எதுவானாலும் பையன் முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும். இவன் பையில் செம்மண் தூள் மட்டும்.

ஊர் கேட்டதற்கு “காஞ்சி” என்றான். குழந்தைகள் நலக் குழுவுக்கான 17-ஆம் படிவத்தில் “காஞ்சிபுரம்?” என்று கேள்விக்குறியோடு.

ஜனவரி 10, வெள்ளி
பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். நிறுத்தியாயிற்று. பையனின் ஊர், குடும்பம் பற்றிய சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள், அதாவது 25-ஆம் தேதி.

காஞ்சிபுரத்துப் பையனுக்குத் தமிழ் ஏன் வரவில்லை?

ஜனவரி 11, சனி
மறுபடியும் பூட்டுப் பேச்சு. பதினேழு போனதிலிருந்து பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி கிரில்லுக்குப் பூட்டுப் போட்டால் என்ன?

போடக்கூடாது. இது திறந்தநிலைக் காப்பகம். வெளியே போக முடியும் என்று தெரிந்தால்தான் தெருவில் வளர்ந்த பையன் உள்ளே வந்து படுப்பான். இன்னொன்றும் இருக்கிறது: 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநலக் காப்பகம். தீப்பிடித்தபோது ஓட முடியாமல் சங்கிலியில் கிடந்து செத்தவர்கள் 28 பேர். தூங்குகிற ஆட்களை வைத்து வெளியே பூட்டுகிற எந்தக் கட்டடமும் அதுதான்.

இங்கே தாழ்ப்பாள் மட்டும். சாவி கொக்கியில், சின்னவனுக்கும் எட்டும் உயரத்தில். கிரில் பக்கத்தில் விழித்திருக்கிற ஒரு ஆள். போகிறேன் என்று ஒருத்தன் எழுந்தால் உட்காரவைத்து டீ கொடுத்துப் பேச வேண்டும், கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. கேளாமல் போய்விட்டால் நேரத்தையும் உடுத்தியிருந்த துணியையும் உடனே எழுதி, போலீசுக்கும் குழுவுக்கும் தகவல். பூட்டு வாங்குகிற காசில் ராத்திரி ஆள் சம்பளத்தைக் கூட்டலாம்.

எண்ணிக்கை 25. ஆனால் பதினேழு காலி. புதுப் பையன் 26-ஆம் பாயில். அனுமதி 25 பேருக்குத்தான், பதினேழை இவனுக்குக் கொடுத்துவிடலாமே என்கிறார்கள். கொடுக்கவில்லை.

ஜனவரி 13, திங்கள், போகி
டயர்ப் புகை. ஆஸ்துமாப் பையன்கள் இரண்டு பேரும் உள் அறையில், ஜன்னல் சாத்தி, இன்ஹேலர் தலைமாட்டில்.

மூத்தவனுக்கு 31-ஆம் தேதி 18 முடிகிறது, அதற்கு மேல் இங்கே இருக்க முடியாது. பின்கவனிப்பு உதவித்தொகை மாதம் 4,000 ரூபாய், இளைஞர் நீதிச் சட்டம் 46-ஆம் பிரிவின் கீழ். மனு போய் இரண்டு மாதம் ஆகிறது. மெக்கானிக் ஷாப்பில் வேலை இருக்கிறது, வீடு இல்லை. வீட்டுக்காரர்கள் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். 2017 வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. அதைச் சொன்னால் வீடே இல்லை என்கிறார்கள். “ஹோம் பையனா?” என்று கேட்டுவிட்டு வைத்தவர்கள் இதுவரை நாலு பேர்.

31-க்குள் அவன் கையில் இருக்க வேண்டியவை: தனிப் பெயரில் மாற்றிய வங்கிக் கணக்கு, முகவரி திருத்திய ஆதார், மார்க் ஷீட் அசல், தடுப்பூசி அட்டை, ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரம், போர்வை. ஆதாரில் இன்னும் காப்பக முகவரி. வீடு கிடைக்காமல் அது மாறாது. சமைக்கத் தெரியும். கரண்ட் பில் கட்டத் தெரியாது. இதையெல்லாம் 17 வயசிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்
சாப்பாடு கொண்டுவந்தவர்கள் ஏழு குழு. 25 பிள்ளைகளுக்கு ஏழு அண்டா. நாளை மறுநாள் ஒருவரும் வர மாட்டார்கள். சமைத்து நாலு மணி நேரம் தாண்டியதை வாங்கவில்லை. மூடின அண்டாவில் வருகிற சாம்பார்தான் முதலில் போகும். மனஸ்தாபம்தான், இருக்கட்டும். அரிசியாகக் கொடுங்கள், பருப்பாகக் கொடுங்கள் என்று கேட்டால் தயங்குகிறார்கள். விதிப்படி ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தானியம் 600 கிராம் (16 வயசுக்கு மேல் 700), பருப்பு 120, எண்ணெய் 25. 25 பேருக்குப் பருப்பு மட்டும் மாதம் 90 கிலோ.

போட்டோ கூடாது என்றதற்கும் வருத்தம். இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு: குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். பானையைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

ஜனவரி 15, புதன்
இரண்டாம் சுற்றுப் பூச்சு. புதுப் பையனுக்கு இது முதல் சுற்று, அடுத்தது 22-ஆம் தேதி. அன்று ராத்திரி தோலைப் பார்க்காமலே பொதுக் குவியலிலிருந்து போர்வை கொடுத்தது தப்பு. இனி வாசலில் புது வரவுக்குத் தனி மூட்டை. அரிப்பு இன்னும் இரண்டு முதல் நாலு வாரம் இருக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

ஜனவரி 16, வியாழன், காணும் பொங்கல்
மெரினாவில் சின்னப் பிள்ளைகள் கையில் போலீஸ் அடையாள அட்டை கட்டிவிடுகிறார்கள். பதினேழுக்கு 15 வயசு, அவனுக்கு யார் கட்டுவார்கள்.

ஜனவரி 18, சனி
காஞ்சி இல்லை. காண்டாபாஞ்சி, ஒடிசாவில்.

ஒடியா தெரிந்த கேண்டீன் தொழிலாளியை முதலில் போனில் பேசவைத்தோம். அவர் கஞ்சாம் மாவட்டம், கடற்கரைப் பக்கம். பையன் பேசுவது மேற்கு ஒடிசாவின் சம்பல்புரி. பாதிதான் புரிந்தது. இன்று கிடைத்தவர் அந்தப் பக்கத்துத் திட்லாகர்காரர். இரண்டு வார்த்தை பேசியதும் பையன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

முகவரி கேட்டால் குழந்தைக்குத் தெரியாது. தண்ணீர் எங்கே எடுப்பீர்கள், ரயில் நின்றது எந்த ஊருக்கு அப்புறம், கடைசியாகப் புதுச் சோறு எந்தப் பண்டிகைக்கு என்றுதான் கேட்க வேண்டும். திட்லாகருக்கு அடுத்து வருகிற பெரிய ஸ்டேஷன். புதுச் சோற்றுப் பண்டிகையான நுவாகாய் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஆள் பிடிக்கும் சர்தார் வந்தார், அப்பாவுக்குப் பணம் கொடுத்தார், எல்லாரும் ரயில் ஏறினார்கள். பலாங்கீர் மாவட்டம். செங்கல் சூளை.

அப்படியானால் அம்மா ஒடிசாவில் இல்லை. பையில் இருந்த செம்மண் இங்கே உள்ளது.

ஜனவரி 19, ஞாயிறு
பேப்பரும் பென்சிலும் கொடுத்து, அங்கே பார்த்ததை வரை என்றோம். புகைபோக்கி, வரிசை வரிசையாகக் கல், ஓலைக் குடிசை. மூலையில் ஒரு பஸ். பஸ் நெற்றியில் எழுத்தை எழுத்தாகத் தெரியாமல் படமாக வரைந்திருக்கிறான்: ஒரு கொம்பு, ஒரு சுழி, தலையில் புள்ளி வைத்த இரண்டு, கடைசிக்கு முன்னால் ‘ற’ மாதிரி, கடைசியில் மறுபடி புள்ளி. தாம்பரமா, புரமா என்று ஆளாளுக்குப் பார்த்தோம். மொத்தம் மூன்று புள்ளி இருக்கிறது. சமையல் அக்காதான் சொன்னார்: செங்குன்றம்.

ஜனவரி 21, செவ்வாய்
இரவு 11.40. பதினேழு வந்தான். வாயோரம் புண், சட்டையில் சொல்யூஷன் வாடை, கண் நிற்கவில்லை.

ராத்திரி அண்ணன் துரத்தவில்லை, அதட்டவில்லை. பஞ்சர் ஒட்டுகிற பசையோ ஒயிட்னரோ இழுத்தவனை ஓடவைக்கக்கூடாது. அந்த ஆவி உள்ளே இருக்கும்போது திடீரென்று பயமோ ஓட்டமோ வந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகும். முதல் தடவை இழுத்தவனுக்கும் நடக்கும். ஜன்னலைத் திறந்து, காற்றில் உட்காரவைத்து, பக்கத்தில் தீக்குச்சி இல்லாமல் பார்த்து, மெதுவாகப் பேச வேண்டும். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108.

எங்கே போனாய் என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார். அவனுடைய பாயை அவனே எடுத்து விரித்தான்.

எண்ணிக்கை 26. குழுவுக்குக் கடிதம் காலையில்.

ஜனவரி 22, புதன்
மத்தியானம் வரை தூங்கினான். எழுந்து இரண்டு தட்டு சோறு. எரிச்சல், கை நடுக்கம். போதை சிகிச்சை மருத்துவர் வெள்ளிக்கிழமைதான். புதுப் பையனுக்கு இரண்டாம் பூச்சை அவனே பூசிவிடுகிறேன் என்றான். முதுகுக்கு மட்டும், வார்டன் முன்னால்.

ஜனவரி 23, வியாழன்
விடிகாலை 4 மணி எண்ணிக்கை 25. பதினேழு காலி. பாய் சுருட்டி வைத்திருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி
சூளை முதலாளிக்கு யாரும் போன் செய்யக்கூடாது என்று காலையிலிருந்து எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பையன் இங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் ராத்திரியோடு குடும்பத்தை வேறு சூளைக்கு ஏற்றிவிடுவார்கள். முன்பணம் கைமாறியிருக்கிறது. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் வந்தால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகத்தான் தகவல் போக வேண்டும்.

கவலை அதற்கு மேல். அம்மா கிடைத்தால் குழந்தையை ஒப்படைத்துவிடலாம் என்று ஒரே வரியில் முடிக்கப் பார்ப்பார்கள். ஒப்படைப்பது எங்கே? சூளைக்கா? அங்கே ஒன்பது வயசுக் கை கல் புரட்டுகிற கை. அறிக்கையில் இதை முதல் பத்தியிலேயே எழுத வேண்டும், கடைசியில் எழுதினால் படிக்க மாட்டார்கள். குடும்பம் முழுசாக விடுவிக்கப்பட்டு ஊர் போகும்வரை பையன் இங்கேயே. தினமும் அம்மாவைப் பார்க்கவோ பேசவோ ஏற்பாடு. இரண்டும் சேர்த்து ஒரே உத்தரவாகக் கேட்க வேண்டும்.

பதினேழுக்கு இன்று டாக்டர் வந்திருந்தார்.

ஜனவரி 25, சனி
அறிக்கை கொடுத்தாயிற்று. ஊர்: காண்டாபாஞ்சி. கேள்விக்குறி எடுத்தாயிற்று.

ஜனவரி 26, ஞாயிறு
மூத்தவனுக்கு வியாசர்பாடியில் அறை. மூன்று மாத அட்வான்ஸ். கரண்ட் பில் கட்டக் கற்றுக்கொடுத்தாயிற்று.

ஜனவரி 27, திங்கள்
நாளை காலை ஆறு மணிக்குச் செங்குன்றத்துச் சூளைக்கு வண்டி. அதிகாரிகள் முன்னால், நாங்கள் பின்னால். பையன் வரமாட்டான், அடையாளம் காட்ட அவனை அங்கே நிறுத்தக்கூடாது. திட்லாகர்க்காரர் லீவு போட்டு வருகிறார்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: குழு உத்தரவு நகல் இரண்டு, தண்ணீர் கேன், பிஸ்கட், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பையன் வரைந்த தாள், அவன் வந்தபோது போட்டிருந்த சட்டை. சட்டையைத் துவைக்கவில்லை, அம்மா பார்த்ததும் தெரியட்டும்.