லேபிள் பிரிந்த பெட்டியைத் தேடி 155 நாள்

அப்பா கடைசி எட்டு வருடம் வெளிநாட்டில் அக்கா வீட்டில்தான் இருந்தார். தினமும் சாயங்காலம் ஒரு பக்கமாவது எழுதுவார். அன்றைய வெயில், மழை, பேத்தி சொன்ன புது வார்த்தை, யாருக்குப் போன் பேசினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்படி ஏழு குறிப்பேடுகள் சேர்ந்திருந்தன. அவர் போன பிறகு அக்கா அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து முடித்துவிட்டு, "இனி உன்கிட்ட கொஞ்ச நாள் இருக்கட்டும்டா" என்று பார்சலில் அனுப்பினாள்.

அந்தப் பெட்டி என் கைக்கு வர 155 நாள் ஆனது. இதே போலக் காத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால், எங்கே நாட்கள் வீணாயின, எந்த இடத்தில் காரியம் நகர்ந்தது என்று நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

முதல் தவறு அற்பமானது. அக்கா போனில் சொல்ல நான் எழுதிக்கொண்ட டிராக்கிங் நம்பரைப் போட்டால் "பதிவு எதுவும் இல்லை" என்றே வந்தது. இன்னும் ஏற்றவில்லை போலிருக்கிறது என்று ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அஞ்சல் வழியாக நாடு விட்டு நாடு போகும் பார்சல்களின் எண்ணுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, மொத்தம் 13. முதல் எழுத்து 'சி' என்றால் பார்சல், 'ஆர்' என்றால் பதிவுத் தபால், 'ஈ' என்றால் விரைவு அஞ்சல். ஒன்பதாவது இலக்கம் மற்ற எட்டிலிருந்து கணக்குப் போட்டு வருவது. எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் அந்த இலக்கம் வர வேண்டும். 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் கொள்ள வேண்டும். என் கையில் இருந்த எண்ணுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ரசீதில் 7 இருந்த இடத்தில் நான் 1 எழுதியிருந்தேன். ரசீதின் போட்டோவை முதல் நாளே வாங்கியிருந்தால் அந்த வாரம் மிஞ்சியிருக்கும்.

சரியான எண்ணைப் போட்டதும் மூன்று வரி வந்தது. பெட்டி ஏற்றுக்கொள்ளப்பட்டது, அந்த நாட்டில் வெளிநாட்டுத் தபாலைக் கையாளும் பரிமாற்ற நிலையத்துக்கு வந்தது, நான்காம் நாள் அங்கிருந்து புறப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் அந்த மூன்றாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை. அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் யாரோ பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றே ஒரு நினைப்பு. உண்மையில் அங்கே யாரும் தேடவில்லை. பார்கோடு எங்கே ஸ்கேன் ஆனதோ அங்கே ஒரு வரி விழும், அவ்வளவுதான். ஸ்கேன் ஆகாத பெட்டியைப் பற்றி அந்தப் பக்கத்துக்கு எதுவும் தெரியாது.

பரிமாற்ற நிலையத்தை விட்டுப் புறப்படும் கட்டத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். தனித்தனிப் பார்சல்களை ஒரு பையிலோ கூண்டு வண்டியிலோ சேர்த்து மூடி, அந்தப் பைக்கென்று தனியாக 29 எழுத்து கொண்ட ஒரு பார்கோடு ஒட்டுகிறார்கள். அதன்பின் விமானத்தில் ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பைதான். வழியில் மூன்றாவது நாட்டில் மாறினாலும், மூடிய பையாகப் போவதை அங்கே திறப்பதில்லை. சேர வேண்டிய நாட்டில் பையைப் பிரிக்கும்போதுதான் ஒவ்வொரு பெட்டிக்கும் மறுபடி ஸ்கேன். இதனால்தான் நடுவில் நாட்கணக்கில் மௌனம். இரண்டு மூன்று வாரம் அப்படி இருப்பது சாதாரணம். நாற்பது நாள் தாண்டினால் கேள்வி கேட்க ஆரம்பிக்க வேண்டும் என்பது என் அனுபவத்தில் வந்த கணக்கு.

இதற்கிடையே, 41ஆம் நாள் என்று நினைக்கிறேன், போனில் ஒரு செய்தி வந்தது. "உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, சிறு கட்டணம் செலுத்தினால் விடுவிக்கப்படும்" என்று ஓர் இணைப்போடு. எனக்குக் கை நடுங்கியது, அவ்வளவு சந்தோஷம். அட்டை எண்ணைத் தட்டப் போகும்போதுதான் கவனித்தேன், அந்தச் செய்தியில் என் டிராக்கிங் நம்பர் எங்குமே இல்லை. எதற்கோ காத்திருப்பவன் கண்ணில் படட்டும் என்று ஆயிரம் பேருக்கு ஒரே வலையை வீசுகிறார்கள். கட்டணம் என்று எது வந்தாலும் உங்கள் எண்ணை அதிகாரப்பூர்வப் பக்கத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள், செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள்.

நான் இங்கே அஞ்சலகத்தில் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "எங்க சிஸ்டத்துல வந்ததா பதிவே இல்ல சார். வராத பொருளை நாங்க எப்படித் தேடுறது? அனுப்பினவங்களை மனு போடச் சொல்லுங்க" என்றார். அன்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரியான வழிதான். பெட்டி என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தாலும், அஞ்சல் துறையோடு ஒப்பந்தம் செய்தவர், ரசீது வைத்திருப்பவர், இழப்பீட்டுக்கு உரியவர் எல்லாம் அனுப்பியவரே. பெறுநருக்கு அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவும் அவரால்தான் முடியும். உலகத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி, பார்சலை அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை மனுவைக் கொடுக்க வேண்டும். 1874இல் தொடங்கிய அமைப்பு அது. 192 நாடுகள் அதில் இருப்பதால், எந்த இரண்டு நாட்டுக்கு இடையில் போகும் தபாலுக்கும் ஏறக்குறைய இதே விதிதான். "இன்னும் பொறுத்திருங்கள், வந்துவிடும்" என்று சொல்பவர்கள் இந்த ஆறு மாதத்தைச் சொல்வதில்லை.

அக்கா 47ஆம் நாள் போனாள், 60 நாள் ஆகட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். 61ஆம் நாள் காலையில் போய் மனுவைக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். அன்று இரவு அவள் பேசிய குரல் இன்னும் காதில் இருக்கிறது. "நானே கொண்டு வந்து கொடுத்திருக்கணும். அப்பாவைப் போய் ஒரு பெட்டியில போட்டு அனுப்பிட்டேனே" என்று அழுதாள். நான் என்ன சமாதானம் சொல்ல? சுங்கப் படிவத்தில் "பழைய குறிப்பேடுகள், 7" என்று எழுதி, மதிப்பு என்ற இடத்தில் கூச்சப்பட்டு ஏதோ ஒரு சின்னத் தொகை போட்டிருந்தாள். கடையில் விலை கேட்டால் அதுகூடக் கிடைக்காது. அந்தக் கட்டத்தில் வேறு என்னதான் எழுத முடியும் என்று எனக்கும் தெரியவில்லை.

98ஆம் நாள் பதில் வந்தது. பெட்டி கிடைக்கவில்லை, தொலைந்ததாகக் கருதலாம், இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டால் இழப்பீடு வழங்கப்படும். அக்கா கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாள். பணத்துக்காக அல்ல, இந்த ரணத்தை மூடிவிட வேண்டும் என்பதற்காக. நான் தான் தடுத்தேன். கோப்பை மூடிவிட்டால் பிறகு யாரும் தேட மாட்டார்கள் என்று பயம். "ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுக்கா. நம்ம பெட்டி எந்தப் பையில போச்சு, அந்தப் பையில இருந்த மத்த பெட்டிங்க எல்லாம் வந்து சேர்ந்துச்சா?"

இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. பத்து நாளில் பதில் வந்தது. பையின் எண், அது போன தேதி, கூடவே இன்னொரு தகவல்: அந்தப் பை இந்த நாட்டில் பிரிக்கப்பட்டு, அதில் இருந்த மற்ற எல்லாப் பெட்டிகளும் பதிவாகியிருக்கின்றன. அப்படியென்றால் எங்கள் பெட்டி கடலில் விழவில்லை, வேறு நாட்டுக்குப் போகவில்லை. விமானம் ஏறி, இறங்கி, நான் இருக்கும் நாட்டுக்குள்தான் எங்கேயோ பெயரில்லாமல் இருக்கிறது.

பெயரில்லாத பெட்டிகளுக்கு ஓர் இடம் உண்டு. யாருக்கு என்று தெரியாத, திருப்பி அனுப்பவும் விலாசம் இல்லாத பொருள்களைச் சேர்த்து வைக்கும் பிரிவு. அங்கே மட்டும்தான் பெட்டியைத் திறந்து உள்ளே பார்க்க அவர்களுக்கு அதிகாரம். குறிப்பிட்ட காலம் வைத்திருந்துவிட்டு, யாரும் கேட்காவிட்டால் அப்புறப்படுத்திவிடுவார்கள். ஆகவே அங்கே கேட்க வேண்டியது டிராக்கிங் நம்பரை வைத்து அல்ல. அந்த எண் இருந்த லேபிள்தான் போய்விட்டதே. உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அன்று ராத்திரி நானும் அக்காவும் மூன்று மணி நேரம் போனில் உட்கார்ந்து விவரம் எழுதினோம். பெட்டியின் நீள அகலம், எந்த நிற டேப், எந்த மூலை நசுங்கியிருந்தது. ஏழு குறிப்பேடுகள், ஐந்தாவதுக்கு மட்டும் பச்சை அட்டை, மற்றவை நீலம். இரண்டாவதின் முதுகில் துணி ஒட்டித் தைத்திருப்பார். மூன்றாவதில் காய்ந்த இலை ஒன்று. "மை நீலம். ஆனா ஆஸ்பத்திரியில இருந்த மாசம் மட்டும் பென்சில்" என்றாள் அக்கா. அதை எழுதும்போது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நல்லவேளை, படித்தபோது சில பக்கங்களை அவள் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அப்பாவின் கையெழுத்து இருந்த ஒரு பக்கத்தையும் மனுவோடு சேர்த்து 112ஆம் நாள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் தேடினாலும், இந்தச் சாய்வும் இந்தச் சுழியும் கண்ணில் பட்டால் போதும்.

149ஆம் நாள் போன் வந்தது. அந்தப் பிரிவில் வேலை செய்யும் ஓர் அம்மா. "நீங்க கொடுத்த படத்துல இருக்கிற மாதிரியே எழுத்துங்க. பச்சை அட்டை மட்டும் கண்ணுல படல. ஆனா காஞ்ச இலை இருக்கு" என்றார். நான் நடுரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

என்ன நடந்தது என்று அவரே விளக்கினார். அக்கா பயன்படுத்தியது ஏற்கெனவே வேறு பொருள் வந்த அட்டைப் பெட்டி. பளபளப்பான டேப்பின் மேல் லேபிள் உறையை ஒட்டியிருக்கிறாள். அந்த வழுக்கலில் பசை பிடிக்கவில்லை, உறை முழுதாகப் பிரிந்து போயிருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் பழைய பார்கோடு ஒன்று கிழிக்காமல் இருந்தது. அதை ஸ்கேன் செய்து பார்த்து, எப்போதோ கொடுத்து முடிந்த பொருள் என்று வர, பெட்டி ஓரமாகப் போய்விட்டது. ஒரு மூலை பிரிந்தும் இருந்ததாம். "உள்ள ஒரு துண்டுச் சீட்டுல விலாசம் எழுதிப் போட்டிருந்தா நாங்க அன்னைக்கே அனுப்பியிருப்போம்" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை அது, தினமும் அதையே பார்த்துப் பார்த்து வரும் வருத்தம்.

யாராவது இன்று ஒரு பெட்டி கட்டிக்கொண்டிருந்தால், தயவு செய்து அந்தச் சீட்டை உள்ளே வையுங்கள். அனுப்புபவர், பெறுபவர் இருவர் விலாசமும் போன் நம்பரும். பழைய பெட்டியாக இருந்தால் பழைய லேபிள், பார்கோடு எல்லாவற்றையும் கிழித்துவிடுங்கள் அல்லது கறுப்பு மையால் அழித்துவிடுங்கள். மூடும் முன் உள்ளே இருப்பதை ஒரு போட்டோ. மற்றதெல்லாம் அப்புறம்.

155ஆம் நாள் தபால்காரர் புதுப் பெட்டியில், அலுவலக டேப் ஒட்டி, எடையும் குறித்துக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போடும் முன் அவர் எதிரிலேயே பிரித்து எண்ணினேன். ஆறு. மூலை பிரிந்த வழியாக ஒன்று நழுவியிருக்க வேண்டும். குறைவாக வந்தது என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டேன். எதுவும் சொல்லாமல் வாங்கிவிட்டால், சரியாக வந்து சேர்ந்ததாக ஆகிவிடும்.

அக்காவை வீடியோவில் அழைத்தேன். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். துணி தைத்த முதுகைக் காட்டியபோது சிரித்தாள். பிறகு கேட்டாள், "பச்சை எங்கடா?"

பேத்தி பிறந்த வருடம் அப்பா எழுதியது அந்தப் பச்சை அட்டையில்தான். மறுநாளே அந்த ஒரு குறிப்பேட்டுக்கு மட்டும் தனியாக விவரம் எழுதினோம். அளவு, அட்டை, முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த குழந்தையின் போட்டோ. அங்கே அக்கா பகுதி இழப்பு என்று மனு கொடுத்தாள், இங்கே அந்த அம்மாவிடம் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பையிலிருந்து உதிரியாக விழுந்த பொருள்களுக்குத் தனித் தட்டு இருக்கிறது, வாரம் ஒரு முறை பார்க்கிறேன் என்றார். நேற்றும் போன் செய்து கேட்டேன். இந்த வாரம் இன்னும் இரண்டு மூட்டை பிரிக்க வேண்டியிருக்கிறதாம்.