பாரி: கல்லால் வாழ்ந்த ஓர் ஊர்

கிருஷ்ணகிரியை அடுத்த ஒரு கிரானைட் அறுக்கும் பட்டறையில் என் தந்தை 22 ஆண்டுகள் வேலை பார்த்தார். நிறத்தையும் வரியோட்டத்தையும் கண்டே ஒரு கல் எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கல்லையே நம்பி வளர்ந்த சிற்றூர் ஒன்று உண்டு என்பதை அவருக்குப் படித்துக் காட்டத் தொடங்கியபோதுதான், அந்த ஊரின் மீது எனக்குத் தீராத ஈடுபாடு ஏற்பட்டது.

ஊரின் பெயர் பாரி. பறம்பு மலை வள்ளலின் பெயராகவே அது நம் காதில் விழுந்தாலும், ஐசக் பாரே என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரைத் தாங்கிய மாசசூசெட்ஸ் ஊரொன்றின் வழியாக வந்த பெயர் அது. 1793-க்கு முன்பு வைல்டர்ஸ்பர்க் என்று அழைக்கப்பட்டது. இன்று அந்நகரில் சுமார் 8,500 பேர் வசிக்கிறார்கள்.

ஊருக்குத் தென்கிழக்கே மில்ஸ்டோன் ஹில், அதாவது திருகைக்கல் குன்று, இருக்கிறது. நிலத்தடியில் உருகிக் கிடந்த குழம்பு சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் மெல்லக் குளிர்ந்து இறுகியதால் உண்டான, பொடி மணிகளாலான சாம்பல் நிறக் கிரானைட் அது. நம் மாவட்டத்துப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்பதால், அந்தக் கல் நமக்கு மிகவும் இளையது. படத்தைக் கண்டதும் என் தந்தை, "பொடிக்கல்லு, உளிக்கு நல்லா எணங்கும்" என்றார். அதுவே அந்த ஊரின் தலையெழுத்தை நிர்ணயித்த குணம்.

1830களில் மான்ட்பீலியரில் மாநிலச் சட்டமன்றக் கட்டடம் எழுந்தபோது, இந்தக் கல்லை மாடுகளும் குதிரைகளும்தான் இழுத்துச் சென்றன. 1875-இல் ரயில் வந்தது. பின்னர் குன்றின் மேலேயே தண்டவாளம் ஏறியது. அதன்பின் ஸ்காட்லாந்தின் அபர்தீனிலிருந்தும் இத்தாலியின் கராராவிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகக் கல் வேலை செய்தவர்கள் வந்து குடியேறினர். 1900-இல் இத்தாலியத் தொழிலாளர்கள் தங்கள் கையாலேயே ஒரு தொழிலாளர் மன்றத்தைக் கட்டினார்கள். 1912-இல் லாரன்ஸ் நகரத்து நெசவாலைகளில் வேலைநிறுத்தம் நடந்தபோது, பசியில் வாடிய தொழிலாளர்களின் பிள்ளைகள் 35 பேரைப் பாரி மக்கள் வரவழைத்துத் தங்கள் வீடுகளில் வைத்துப் பராமரித்தார்கள். இந்த ஊரின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செய்தி இதுதான்.

காற்றழுத்த உளி வந்தபின் வேலை விரைவானது; அதே வேகத்தில், மூடிய கொட்டகைகளில் நுண்ணிய தூசும் நிறைந்தது. சிலிக்கா தூசு நுரையீரலில் தழும்பேற்றி, காசநோய்க்கும் வழிவிட, திறமை மிக்க சிற்பிகள் நடுவயதிலேயே இறந்தார்கள். உளி முனையிலேயே தூசை உறிஞ்சும் குழாய்கள் 1930களின் பிற்பகுதியில் பரவலாகப் பொருத்தப்பட்டபின் நோய் வெகுவாகக் குறைந்தது. என் தந்தை மூக்கில் கட்டிக்கொண்டது ஒரு துண்டு மட்டுமே. இன்றும் விடியற்காலை இருமலில்தான் எங்கள் வீடு விழிக்கிறது.

1895-இல் தொடங்கப்பட்ட ஹோப் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ எல்லாக் கற்களும் உள்ளூர்க் கல்லே. 1903-இல் தொழிலாளர் மன்றத்தில் நடந்த சச்சரவில் சுடப்பட்டு இறந்த சிற்பி எலியா கோர்ட்டி, காலடியில் தம் கருவிகளுடன் அங்கே அமர்ந்திருக்கிறார். வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி நடுகல் வீரர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த உருவம் அந்நியமாகத் தோன்றவில்லை. சற்றுத் தள்ளி, தூசு நோயால் 1937-இல் மறைந்த சிற்பி லூயி புருசாவின் கல்லறையில், சாய்ந்து விழும் ஓர் ஆணைப் பெண்ணொருத்தி தாங்கிப் பிடித்திருக்கிறாள். அந்தப் படத்தை மட்டும் நான் தந்தைக்கு இன்னும் காட்டவில்லை.