அம்மா நம்பாத குளிசை

2020 தை மாதம் டொக்டர் என் கிளினிக் கொப்பியில் எழுதிய பெயரை வாசிக்கவே ஒரு மூச்சு வேண்டும்: ஹைட்ரொக்சிகுளோரோகுயின். 200 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்கு முன் ஆறு மாதமாகக் காலையில் எழும்பினால் விரல்கள் மடங்காது. வகுப்பில் சோக் பிடிக்க முடியவில்லை. தேங்காய் திருவும் வேலையை அம்மா சத்தமில்லாமல் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடிந்து முடக்குவாதம் என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து மருந்தின் பெயரைச் சொன்னேன். அம்மா உலைமூடியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார்.

"உது மலேரியாக் குளிசையெல்லோ? கொண்ணைக்கு வன்னியில வேலை செய்யாத சாமான். உனக்கு என்னெண்டு வேலை செய்யும்?"

அந்தக் கோபத்துக்கு வயது இருபத்துநாலு. 95 ஐப்பசி யாழ்ப்பாண இடப்பெயர்வில் வெளிக்கிட்டு, தென்மராட்சியில் கொஞ்சக்காலம் இருந்து, பிறகு கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்குப் போனோம். தறப்பாள் கொட்டிலில் அண்ணாவுக்குக் காய்ச்சல். சாக்கு, சீலை, அப்பாவின் சாரம் எல்லாவற்றையும் போட்டு மூடியும் பல் கிட்டி நடுங்குவான். என் குளிசைக்கு நெருங்கிய சொந்தமான குளோரோகுயினை அம்மா கரண்டியால் நசுக்கிச் சீனியோடு குழைத்துக் கொடுப்பார். அந்தக் கைப்பில் அவன் பாதியைத் துப்பிவிடுவான். காய்ச்சல் விட்டது. மூன்று கிழமையில் திரும்ப வந்தது. பிறகு வேறு மருந்து கொடுத்துத்தான் எழும்பினான். அன்றோடு அந்தக் குளிசை அம்மாவுக்குச் செத்த மருந்து.

அவர் சொல்வதில் பிழையும் இல்லை. குளோரோகுயினுக்கு அடங்காத, பல்சிபாரம் என்ற வகை மலேரியாக் கிருமி 1950களின் கடைசியில் தாய்லாந்து-கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் தலைகாட்டியது. 1984இல் இலங்கையிலும் கண்டுபிடித்தார்கள். ஆனால் அண்ணாவுக்கு வந்தது அதுதானா என்பது வேறு கதை. வைவாக்ஸ் என்ற மற்ற வகை ஈரலுக்குள் ஒளிந்திருந்து, கிழமைகளோ மாதங்களோ கழித்துத் திரும்பக் கிளம்பும். ஈரலில் கிடப்பதைக் குளோரோகுயின் தொடாது, அதற்குப் பிரிமாகுயின் வேண்டும். எந்தக் கிருமி என்று எழுதிய துண்டு அடுத்தடுத்த இடப்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது. துப்பின பாதிக் குளிசையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது.

அடுத்த கிளினிக்குக்குத் தானும் வருவேன் என்று நின்றார். வந்து, டொக்டரிடம் நேராகவே கேட்டார். அவர் சிரிக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. "அம்மா, மருந்துக்கு எதிர்த்து நிண்டது கிருமி. உங்கட மகன்ர உடம்பில்லை. மகளுக்கு உள்ளுக்குக் கிருமியே இல்லை, பிறகு ஆர் எதிர்க்கிறது?"

பிறகு பொறுமையாக விளக்கினார். மலேரியாக் கிருமி எங்கள் செங்குருதிக் கலத்துக்குள் இருந்து சிவப்புச் சத்தைத் தின்னும். தின்ற மிச்சம் அதற்கே நஞ்சு. அதைப் பளிங்காக்கி ஒதுக்கி வைத்துத்தான் அது பிழைக்கிறது. குளோரோகுயின் அந்த ஒதுக்கலைத் தடுக்கும், கிருமி தன் எச்சிலிலேயே சாகும். எதிர்ப்புப் பெற்ற கிருமியோ தின்கிற பையின் சுவரிலேயே ஒரு வாசலை மாற்றி அமைத்து, மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. என் விடயம் வேறு. என் நோயெதிர்ப்புக் கலங்கள் தேவையில்லாமல் என் மூட்டோடு சண்டை பிடிக்கின்றன. இந்தக் குளிசை அவற்றுக்குள் மெல்ல மெல்லச் சேர்ந்து சத்தத்தைக் குறைக்கிறது. அந்த மெல்ல மெல்லத்தான் கஷ்டம். மூன்று மாதத்துக்கு ஒன்றையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

முதல் கிழமை வெறுவயிற்றில் போட்டுக் குமட்டி எடுத்தது. பிறகு இரவுச் சோற்றோடு போடப் பழகினேன்.

மூன்றாவது மாதம் பங்குனி. ஊரடங்கு. அதோடு அமெரிக்க சனாதிபதி வேறு இந்தக் குளிசையைக் கொரோனாவுக்குப் புகழ்ந்துவிட்டார். எங்கும் இல்லை. ஒரு பாமசியில் அட்டைக்கு மூன்று மடங்கு விலை கேட்டார்கள், அதுவும் யாருக்கோ எடுத்து வைத்தது என்ற தோரணையில். என்னிடம் பதினொரு குளிசை மிச்சம். தொலைபேசியில் கேட்டபோது டொக்டர், "ஒண்டுவிட்ட நாள் போடுங்கோ, பயப்பிட வேண்டாம். உடம்பில பாதி குறையவே நாப்பது நாள் அளவு செல்லும்" என்றார். எனக்குத் தனியாகச் சொன்ன வழி அது. ஆனி (ஜூன்) 5ஆம் திகதி, கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கு இதனால் பலனில்லை என்று பிரித்தானியாவின் பெரிய ஆய்வு இதைக் கைவிட்டது. அதற்குள் எனக்கு மருந்து கிடைத்துவிட்டது; காலையில் விரல் மடங்கத் தொடங்கியும் இருந்தது. முதல் தெரிந்தது ஜாம் போத்தல் மூடியில்.

கண்தான் இழுபறி. இந்தக் குளிசை வருடக்கணக்கில் விழித்திரையில் படியலாம். அதனால் முதல் வருடத்துக்குள் ஒருமுறை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடாவருடம் பார்க்க வேண்டும். அளவும் உடல் எடைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நான் 52 கிலோ, என் மேல்வரம்பு 260. அதனால்தான் ஒரு குளிசை. முதலில் போன இடத்தில் எழுத்து அட்டையைக் காட்டி "கண் நல்லாயிருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். அது போதாது. சேதம் நடுப்பார்வையைச் சுற்றி வளையமாகத்தான் பெரும்பாலும் தொடங்கும், எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கும். டொக்டரின் துண்டைக் காட்டிக் கேட்டு, இரண்டு மாதம் காத்திருந்து, பார்வைப் புலப் பரிசோதனையும் விழித்திரை ஸ்கானும் செய்தேன்.

இருட்டறை. ஒரு கண்ணை மூடி, நாடியை வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் வைத்து, நடுவிலுள்ள வெளிச்சத்தை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றி எங்காவது பொட்டு மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் பதற்றத்தில் மின்னாத பொட்டுக்கெல்லாம் அழுத்தினேன். "மிஸ், இல்லாததெல்லாம் பாக்கிறியள்" என்று திரும்பத் தொடங்க வைத்தார் பரிசோதனை செய்த பிள்ளை. இரண்டாம் முறை சரிவந்தது.

2025இலிருந்து வருடாவருடம் அந்தக் கிண்ணம்தான். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் குசினிக்குள்ளிருந்து குரல் வரும்.

"மலேரியாக் குளிசை போட்டிட்டியே?"