காலி என்று காட்டிய டிஸ்க்

என் பழைய லேப்டாப்பை அக்காள் மகனுக்குத் தருவதாகச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. "ஃபார்மேட் செய்து கொடுத்துவிடுங்கள் மாமா, இரண்டு நிமிட வேலை" என்றான். செய்தேன். உண்மையிலேயே இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் உறுத்தியது. பத்து வருடக் குப்பையை இரண்டு நிமிடத்தில் யாராலும் பெருக்க முடியாது.

லினக்ஸ் இருந்த பென் டிரைவைச் செருகி, அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை அந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்கின் மேல் ஓடவிட்டேன். பெயர் போய், வெறும் எண்களோடு கோப்புகள் வரிசையாக எழுந்து வந்தன. சம்பளச் சீட்டு, கடவுச்சீட்டின் ஸ்கேன், நான் என்றோ கோபத்தில் எழுதி அனுப்பாமல் விட்ட ராஜினாமா கடிதம். ஒரு படத்தில் மேல் பாதியில் என் முகம் பளிச்சென்று இருந்தது. கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. அந்தப் பாதியின் இடத்தில் வேறு ஏதோ எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அழிப்பது என்று நாம் சொல்வது பெரும்பாலும் வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைக் கழற்றுவதுதான். குடித்தனக்காரர் உள்ளேயே இருக்கிறார். ஃபோட்டோரெக் பலகையைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற அடையாளக் குறியீட்டோடு தொடங்குகிறதா என்று பார்க்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் 158 பழைய டிஸ்குகளை வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129இல் ஒழுங்காக அழிக்கப்பட்டவை 12 மட்டுமே. நான் 13ஆவது ஆளாக இருந்திருக்க மாட்டேன்.

டிஸ்கை ஒழுங்காக அழிக்க, பழைய தகவலின் மேல் முப்பத்தைந்து முறை வேறு எதையாவது எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அந்தக் காலத்து டிஸ்குகளின் பல வகைப் பதிவு முறைகளுக்காக அவர் அதை வகுத்தார். இன்றைய டிஸ்குக்கு அத்தனையும் செய்வதில் அர்த்தமில்லை என்று பின்னர் அவரே எழுதிவிட்டார். ஹார்ட் டிஸ்குக்கு முழுக்க ஒருமுறை பூஜ்யம் எழுதினால் போதும். எனக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. பிறகு, டிஸ்கில் இருப்பதை அப்படியே எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் கட்டளையால் டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தேன். மூன்றே வரி: ஒரு வரி பூஜ்யங்கள், ஒரு நட்சத்திரக் குறி, டிஸ்க் முடியும் இடத்தின் எண். "மேலே உள்ளதே திரும்பத் திரும்ப" என்பதுதான் அந்த நட்சத்திரத்தின் பொருள். பத்து வருடம் ஒரு நட்சத்திரத்துக்குள் அடங்கியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே லேப்டாப்பில் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தது, சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் டிரைவ். அதில் இந்த வித்தை பலிக்காது. ஒரே இடம் தேய்ந்துவிடக் கூடாதென்று, நாம் "இங்கே எழுது" என்றால் அது வேறெங்கோ எழுதிவிட்டு, பழையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கும். நம் கண்ணுக்கே தெரியாத உபரி இடமும் அதற்கு உண்டு. ஆகவே "உன்னையே அழித்துக்கொள்" என்று டிரைவுக்குத்தான் கட்டளையிட வேண்டும். கொடுத்தேன், "உறைந்திருக்கிறது" என்று மறுத்தது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது: கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள், தொடக்கத்திலேயே பாதுகாப்புக்காக அந்தக் கட்டளையைப் பூட்டிவிடுகிறது. லேப்டாப்பைத் தூங்கவைத்து எழுப்பினேன். பூட்டு விலகியது. அடுத்த சில விநாடிகளில் வேலை முடிந்தது. டிரைவின் பேச்சை அப்படியே நம்பவும் முடியாது. 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, அழித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்த டிரைவ் ஒன்றும் அகப்பட்டது. எனவே இங்கேயும் ஹெக்ஸ்டம்ப், இங்கேயும் நட்சத்திரம்.

புதிய லேப்டாப்பில் முதல் நாளே முழு டிஸ்கையும் குறியாக்கம் செய்துவிட்டேன், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றிவிட்டேன். கைமாற்றும் நாளில் சாவியை அழித்தால் மீதி வெறும் இரைச்சல்.

மிஞ்சியது கணினி அடையாளமே காணாத ஒரு பென் டிரைவ். கட்டளை ஏற்காததற்குச் சுத்தியல்தான். முதல் அடியில் பிளாஸ்டிக் உடைந்தது, இரண்டாவதில் செருகும் முனை வளைந்தது. வேலை முடிந்தது என்று குப்பையில் போடப் போனவன் குனிந்து பார்த்தேன். தகவல் இருக்கும் அந்தக் கறுப்புச் சில்லு ஒரு கீறலும் இல்லாமல் பலகையில் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது அடி அதற்கு.