லெகோவில் மோட்டார் பின்னல் இயந்திரம்

மூன்று நூல் சடைக்கு இரண்டு சக்கரம், ஒவ்வொன்றிலும் மூன்று பள்ளம் போதும். 24 பல் கியர் நான்கை வரிசையாகக் கோர்த்தால் ஓரத்து இரண்டும் எதிரெதிராகச் சுற்றும்; அவற்றின் மேல்தான் சக்கரங்கள். மைய இடைவெளி 72 மி.மீ. பள்ளங்கள் நடுவில் நேருக்கு நேர் வரவேண்டும். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலே 15 பாகை விலகி எல்லாம் சிக்கிவிடும். மூன்று பாபின்களை (நூல் சுற்றிய உருளைகள்) அவை ஓடும் எட்டு வடிவத் தடத்தில் ஒன்றுவிட்டு ஒரு பள்ளத்தில் நிறுத்துங்கள்.

உண்மையான தொல்லை எட்டு வடிவத் தடத்தின் சந்திப்பில்தான். பாபினின் அடிக்கால் குட்டையாக இருந்தால் வந்த வட்டத்துக்கே திரும்பிவிடும். சந்திப்பின் இடைவெளியைவிட நீளமாக, இருமுனையும் கூராக வையுங்கள்.

மோட்டாருக்கு வார்ம் கியர் (திருகு வடிவ கியர்), 24-க்கு 1: மோட்டார் 24 சுற்றினால் 24 பல் கியர் ஒரு சுற்று. வேகம் வேண்டவே வேண்டாம். பாபினில் ரப்பர் வளையம் உரசட்டும். நூல் தொய்ந்தால் சடை கோணும். கண்டாங்கிச் சேலைத் தறியில் மிஞ்சும் பருத்தி நூல் அருமை, ஆனால் நாலிழை சேர்க்கணும். ஆத்தங்குடிக் கல் தரையில் இயந்திரம் வழுக்கும், அடியில் ரப்பர் பாய் போடுங்கள்.