வில்லங்கம் இல்லாதவர்களின் பக்கம்

ஹோபார்ட்டில் என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால், பழைய ஜெயில் ரெக்கார்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கப் போனால், "ஆஸ்திரேலியா போயும் குமாஸ்தா உத்தியோகம்தானா மாப்ளே" என்பார் மாமா. தப்பில்லை, குமாஸ்தா வேலையேதான். மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்து டாஸ்மேனியா வந்தோம், எனக்கு எதுவும் சட்டென்று அமையவில்லை, திருநெல்வேலியில் பத்திர எழுத்தர் ஒருவரிடம் பல வருஷம் இருந்ததில் கோணல்மாணல் கையெழுத்தைப் பொறுமையாகப் படிக்கிற பழக்கம் மட்டும் மிச்சமிருந்தது, அதைச் சொல்லித்தான் இந்த ஒப்பந்த வேலைக்குள் நுழைந்தேன். ஸ்கேன் செய்த பக்கம் திரையில் வரும். பெயர், கப்பல், குற்றம், தண்டனை என்று பார்த்துப் பார்த்துக் கட்டத்தில் தட்ட வேண்டும்.

1788இலிருந்து 1868 வரை பிரிட்டன் தீவாந்தர தண்டனை விதித்துக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியவர்கள் ஏறத்தாழ 1,62,000 பேர். அவர்களில் சுமார் 75,000 பேர் வந்து இறங்கியது இந்தத் தீவில்தான், அப்போது இதற்கு வான் டீமன்ஸ் லேண்ட் என்று பெயர். எனக்குக் கொடுத்த தொகுதி 1840க்குப் பிறகு வந்த ஆண்களின் நடத்தைப் பதிவேடு. ஆஸ்திரேலியக் கைதிகளின் பதிவேடுகளை 2007இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்துவிட்டது, அதனால் அலுவலகத்தில் எல்லோரும் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் பயபக்தியோடுதான் பேசுவார்கள். வேலை செய்கிறவனுக்கு அது கண்வலி.

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேலே போலீஸ் நம்பர், பெயர், வந்த கப்பல், வந்த தேதி. எந்த ஊரில் விசாரணை, எத்தனை வருஷம் தண்டனை. பெரும்பாலும் ஏழு, பத்து, பதினான்கு, இல்லையென்றால் ஆயுள். அடுத்து அந்த ஊர் ஜெயிலில் எப்படி நடந்துகொண்டான், கப்பலில் ஏறும் முன் அடைத்து வைத்திருந்த பழைய மிதவைக் கப்பலில் எப்படி நடந்துகொண்டான், வழியில் கப்பல் டாக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொரு வரி. கல்யாணம் ஆனவனா, எழுதப் படிக்கத் தெரியுமா. அப்புறம் உடம்பு. செருப்பைக் கழற்றிவிட்டு அளந்த உயரம், கால் அங்குலம் வரைக்கும் சுத்தமாக. தலை, முடி, மீசை, முகவாக்கு, நெற்றி, புருவம், கண், மூக்கு, வாய், தாடை என்று தனித்தனியாக. அம்மைத் தழும்பு இருந்தால் அது. இடது கையில் நங்கூரம் பச்சை குத்தியிருந்தால் அது, நங்கூரத்துக்குக் கீழே யாரோ ஒருத்தியின் பெயரின் முதலெழுத்துகள் இருந்தால் அதுவும். போட்டோ இல்லாத காலத்தில் ஓடிப்போனவனைப் பிடிக்க வேறு வழி ஏது. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது இந்த உடம்புப் பகுதிதான், பிறகு இதை வைத்துத்தான் ஆட்கள் கண்ணுக்கு முன் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஐந்தடி நாலே முக்கால் அங்குலம், வெளிறிய நிறம், அகன்ற வாய், இடது கைச் சுண்டுவிரல் வளைந்தது என்று தட்டிவிட்டு மதியம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரின் சுண்டுவிரலைப் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

இதற்குக் கீழேதான் உண்மையான கையெழுத்துச் சண்டை. இங்கே வந்த பிறகு செய்த ஒவ்வொரு தப்பும், யாரோ ஒரு மாஜிஸ்ட்ரேட் கொடுத்த தண்டனையும், வேறு வேறு குமாஸ்தாக்களின் கையில், வார்த்தைகளைச் சுருக்கிச் சுருக்கி, நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் இரண்டு எஸ் சேர்ந்து வந்தால் முதல் எஸ்ஸை எஃப் மாதிரி நீட்டி இழுத்திருப்பார்கள். அனுமதி இல்லாமல் வெளியே போனான், பத்து நாள் தனிச்சிறை. குடித்திருந்தான். வேலைக்கு விட்டிருந்த பண்ணை எஜமானை எதிர்த்துப் பேசினான், கடுங்காவல் மூன்று மாதம் நீட்டிப்பு. சில பேருக்கு இது பக்கம் முழுக்க வழிந்து, ஓரத்தில் ஏறி, இடமில்லாமல் வேறு ஏட்டுக்குத் தாவும். அப்படி ஒரு ஆள் வந்தால் அன்றைய பொழுது போச்சு. ஏனென்றால் எங்களுக்குக் கூலி பக்கக் கணக்கில். பக்கம் நிறைந்திருந்தாலும் அதே காசு, காலியாக இருந்தாலும் அதே காசு. எங்களுக்கு வேலை கொடுக்கிற ஒப்பந்தக்காரரிடம் இதைப் பற்றி எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது.

கணக்கு எப்படிப் போடுகிறோமோ அப்படித்தான் வேலையும் நடக்கும் என்பதற்கு இந்தக் கைதிக் கப்பல்களே சாட்சி. 1790இல் சிட்னிக்கு வந்த இரண்டாவது கப்பல் தொகுதியை அனுப்பியது, அடிமை வியாபாரத்தில் கைதேர்ந்த ஒரு லண்டன் கம்பெனி. ஏறிய தலைக்கு இத்தனை என்று காசு பேசியிருந்தார்கள், உயிரோடு இறங்கிய தலைக்கு அல்ல. கிளம்பிய ஆயிரம் பேரில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் வழியிலேயே செத்தார்கள், இறங்கிய பிறகும் செத்தார்கள். அதற்கப்புறம்தான் காசில் ஒரு பகுதியை உயிரோடு இறங்குகிறவர்களோடு முடிச்சுப் போட்டார்கள். 1815 வாக்கில் கப்பலுக்குக் கப்பல் கடற்படை டாக்டர் ஒருவரை அதிகாரத்தோடு ஏற்றினார்கள். என் தொகுதியில் உள்ளவர்கள் வந்த காலத்தில் நாலு மாதப் பயணம், சாவு மிகக் குறைவு. கைதிகள் மேல் திடீரென்று பாசம் வந்துவிடவில்லை, கணக்கை மாற்றியதும் டாக்டருக்குக் கையில் அதிகாரம் கொடுத்ததும்தான் வேலை செய்தது. ஆனாலும் கடல் கடல்தான். 1835இல் ஜார்ஜ் தி தேர்ட் என்ற கப்பல் ஹோபார்ட்டுக்குப் பக்கத்திலேயே பாறையில் மோதியது, கீழ்த்தளத்தில் பூட்டி வைத்திருந்த கைதிகள் நூற்றுக்கும் மேலே, கரை தெரிகிற தூரத்தில் செத்தார்கள்.

சரி, பக்கத்துக்கு வருகிறேன். பக்கக் கூலி வாங்குகிறவன் யாரை விரும்புவான்? ஒழுங்காக இருந்தவனை. மேலே உடம்பு விவரம், கீழே மொத்தமே இரண்டு வரி, விடுப்புச் சீட்டு (தண்டனை முடியும் முன்பே தனக்காக வேலை பார்த்துப் பிழைக்க அனுமதி) இன்ன தேதி, நிபந்தனை மன்னிப்பு (விடுதலை, ஆனால் பிரிட்டனுக்குத் திரும்பக் கூடாது) இன்ன தேதி, அவ்வளவுதான். ஊரில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போமே, அதுபோலத்தான் இந்த ஏடும், வம்பு வழக்கு இருந்தால்தான் பேசும், இல்லாவிட்டால் 'இல்லை' என்று ஒரு வார்த்தையோடு நின்றுவிடும். அந்த மனுஷன் நாலு வருஷம் யார் பண்ணையில் ஏர் ஓட்டினான், சம்பளம் ஒழுங்காகக் கிடைத்ததா, இங்கிலாந்தில் விட்டுவந்த பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கடிதம் போட்டானா, ஒன்றும் கிடையாது. தண்டனை முடிந்தால் திரும்பிப் போக அரசாங்கம் கப்பல் கூலி கொடுக்காது, ஆகவே பெரும்பாலோர் போகவே இல்லை. 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் பாஸ் ஜலசந்தியைத் தாண்டி கூட்டம் கூட்டமாகப் போனார்கள், அங்கே பழைய கைதி என்று காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் எவனும் பார்ப்பான். அதோடு ஆள் மறைந்துவிடுவான். மறுபடி ஏட்டில் வர வேண்டுமென்றால் எங்காவது குடித்து விழ வேண்டும், அல்லது கிழவனாகி, நாதியற்று, அரசாங்கத்தின் அநாதை முதியோர் விடுதிக்கு வந்து சேர வேண்டும்.

வில்லியம் கஃபே அப்படித்தான் வந்து சேர்ந்தார். லண்டன் தையல்காரர், அப்பா செயின்ட் கிட்ஸ் தீவில் அடிமையாகப் பிறந்தவர், தொழிலாளிகளுக்கு ஓட்டுரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் முன்னணியில் நின்றவர், அரசாங்கத்துக்கு எதிராகச் சதி செய்ததாக 1848இல் ஆயுள் தண்டனை. 1856இல் மன்னிப்பு கிடைத்தும் ஊர் திரும்பவில்லை, ஹோபார்ட்டிலேயே தைத்துக்கொண்டு, எஜமான் - வேலைக்காரன் சட்டத்தை எதிர்த்துக் கூட்டங்களில் பேசிக்கொண்டு இருந்தார், 1870இல் பிரிக்ஃபீல்ட்ஸ் முதியோர் விடுதியில் செத்தார். பிரபலமானவர் என்பதால் நடுவில் உள்ள வாழ்க்கை பத்திரிகைகளில் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு இரண்டு முனையும்தான் இருக்கும், நடு கிடையாது.

வாரத்தில் ஒரு நாள் விசாரணை மேஜையில் உட்கார வைப்பார்கள். மூதாதையரைத் தேடி வருகிறவர்களுக்கு உதவ வேண்டும். பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்கள். இவர்களுடைய தாத்தா காலத்தில் இதை வெளியே சொல்லவே மாட்டார்கள், தீவே 1856இல் பெயரை டாஸ்மேனியா என்று மாற்றிக்கொண்டதில் அந்தக் கறையைக் கழுவுகிற ஆசையும் இருந்தது. இப்போது தலைகீழ். குடும்பத்தில் ஒரு கைதி இருந்தால் பெருமை. அதிலும் தரம் பார்க்கிறார்கள். அயர்லாந்து கலகக்காரன் என்றால் முதல் தரம், பசிக்கு ரொட்டி திருடியவன் இரண்டாம் தரம். தேடிப் பார்த்தால் அநேகமாக ஆடு திருடியவனோ, துணி திருடி முன்பே இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவனோதான் வருவான். அரசியல் கைதிகள் கொஞ்சம் பேர்தான். முகம் தொங்கிப்போகிறவர்களிடம் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. உங்கள் ஆள் திருடன்தான் சார், இங்கே வந்து முப்பது வருஷம் திருடவில்லை போலிருக்கிறது, அதற்கு ரெக்கார்ட் இல்லை என்று சொல்லத் தோன்றும், சொல்ல மாட்டேன்.

ஜெயித்தவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். பதின்மூன்று வயதில் குதிரை திருடி, ஆண் வேஷத்தில் பிடிபட்டு, 1792இல் சிட்னிக்கு வந்த மேரி ரீபி பெரிய வியாபாரியாகி இன்று இருபது டாலர் நோட்டில் இருக்கிறார். கள்ள ஆவணம் தயாரித்ததற்காக அனுப்பப்பட்ட கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கிரீன்வே 1966இல் வந்த முதல் பத்து டாலர் நோட்டில் இருந்தார், இந்த நாட்டுக்காரர்களின் நக்கலுக்கு இதைவிடச் சான்று வேண்டாம். எனக்கு இந்த இரண்டு பேரைவிட மற்ற நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் மேல்தான் ஆர்வம். பிரிட்டிஷ் படையிலிருந்து கண்டி ராஜா பக்கம் போய்விட்ட ஊதீன் என்ற மலாய் டிரம் மேஜரை, அதாவது படையின் முரசுக் குழுத் தலைவரை, இலங்கையிலிருந்து குடும்பத்தோடு 1816இல் சிட்னிக்கு அனுப்பினார்கள், பிற்பாடு வடக்குக் கரையில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். நியூசிலாந்திலிருந்து 1846இல் அனுப்பிய ஐந்து மாவோரிப் பூர்வகுடிகளில் ஹோஹெபா தே உமுரோவா இங்கே மரியா தீவில் அடுத்த வருஷமே காசநோயில் இறந்தார். அவருடைய எலும்புகளை அவர் ஜனங்கள் 1988இல் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

இந்த ஏட்டில் இடமே இல்லாதவர்கள் என்றால் இந்த மண்ணின் பலாவா மக்கள். கைதிகளை வைத்துத்தான் பண்ணைகளை உள்ளே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், 1820களில் பலாவா மக்களுக்கும் குடியேறியவர்களுக்கும் நடந்த சண்டையில் செத்தவர்களிலும் கொன்றவர்களிலும் கைதிகள் உண்டு. 1830இல் தீவின் குறுக்கே மனிதச் சங்கிலி போட்டு பலாவா மக்களைத் துரத்தியபோது வரிசையில் நூற்றுக்கணக்கில் நின்றது தண்டனைக் கைதிகள்தான். மூதாதையரைத் தேடி வருகிறவர்கள் யாரும் இதை என்னிடம் இதுவரை கேட்டதில்லை.

ஆண்கள் தொகுதி முடியப்போகிறது, அடுத்தது பெண்கள். முன்னோட்டத்துக்காகக் கொஞ்சம் பார்த்தேன். பெண்களுடைய காகிதங்களில் அம்மா பெயர், அண்ணன் தம்பி பெயர், பிறந்த ஊர் எல்லாம் வருகிறது, கல்யாண அனுமதி ஏடு தனியாக இருக்கிறது, ஆகவே தடம் கொஞ்சம் நீளம். பஞ்ச காலத்து அயர்லாந்தில் கப்பல் ஏறினால் சாப்பாடாவது கிடைக்கும் என்று வேண்டுமென்றே தீ வைத்துவிட்டு வந்தவர்களும் இவர்களில் உண்டு. 1841இல் ராஜா என்ற கப்பலில் வந்த பெண்கள் வழியெல்லாம் உட்கார்ந்து 2,815 துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு பெரிய விரிப்பு தைத்தார்கள், கான்பெராவில் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. தையல் சாமான் கொடுத்த சீமாட்டிகளுக்கு நன்றி என்று அதிலேயே பின்னி வைத்திருக்கிறார்கள், தைத்தவர்கள் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. அதே பெண்கள் ஹோபார்ட்டில் இறங்கிய பிறகு யார் குடித்தாள், யார் எஜமானியை எதிர்த்துப் பேசினாள் என்பது தேதியோடு இருக்கிறது. பெயர் மாறும், கல்யாணத்தில் ஒரு தடவை, சிலருக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றையும் கோத்துப் பார்க்காமல் தட்ட முடியாது. அதனால் இந்தத் தொகுதிக்குப் பக்கக் கணக்கெல்லாம் சரிப்படாது, மணிக்கணக்கு என்றால் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை சம்மதித்து மெயில் வந்தது.